ஊரின் சராசரியும் தெருவின் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இப்பகுதியில், அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரக் குடிநீரில் ஈயம் கலந்த விவகாரத்தைத் தொட்டு, தரவுகளை வரைபடத்தில் இட்டுச் சமூக ஏற்றத்தாழ்வுகளைக் கண்டறியும் முறையைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, ஊர்ப்பெயரை மட்டும் குறிப்பிட்டு விடையளிக்கிறேன். சில விடைகள் நீண்டுவிட்டன. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூர் வாசகர்: புள்ளிவிவரம் அட்டவணையாக இருக்கும்போதே வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. அதையே வரைபடமாக்கினால், பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு என்ன பயன்?

ஓர் அட்டவணை மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. சிக்கல், பல துறைகளின் அட்டவணைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்போது தொடங்குகிறது. குடிநீர் வழங்கும் அலுவலகம் இணைப்பு எண்ணை வைத்துக் கணக்கு எழுதுகிறது. நில ஆவணங்கள் சர்வே எண்ணில் இருக்கின்றன. மருத்துவமனைக்கு நோயாளியின் பதிவெண்தான் தெரியும். இந்த ஏடுகளுக்குப் பொதுவாக இருக்கும் ஒரே விவரம், அவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தைச் சுட்டுகின்றன என்பதே. அந்த இடத்தைச் சாவியாகக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்தத் துறையும் தன் ஏட்டில் எழுதி வைக்காத ஒரு செய்தி மேலே வந்துவிடும்.

ஒஹாயோ மாநிலத்தின் மஸ்கிங்கம் மாவட்டத்தில், ஜேன்ஸ்வில் நகரை ஒட்டிக் கோல் ரன் என்றொரு சிறு குடியிருப்பு இருக்கிறது. பெயரிலுள்ள 'கோல்' (coal) என்ற ஆங்கிலச் சொல்லே காட்டுவதுபோல், நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த நிலம். கிணற்று நீர் கெட்டுப்போயிருந்தது. அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தும், வண்டிகளில் தண்ணீர் ஏற்றி வந்தும் காலம் தள்ளின. அதே சமயம், சற்றுத் தள்ளியிருந்த வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய் நீர் போய்க்கொண்டிருந்தது. கறுப்பினக் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தபோது எதிர்த்தரப்பு எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று, மாவட்டத்தில் வெள்ளையர் பலருக்கும்கூடப் பொதுக்குழாய் இணைப்பு இல்லை என்பது. மாவட்டம் முழுமைக்குமான கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது பொய்யாகத் தோன்றாது என்பதுதான் அந்த வாதத்தின் வலிமை. சீடர் குரோவ் என்ற ஆய்வு நிறுவனத்தார், குழாய்ப்பாதை, இணைப்புப் பெற்ற வீடுகள், அவ்வீடுகளில் குடியிருப்போரின் இனம் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில், வீடு வீடாக, வண்ணமிட்டுக் காட்டினர். குழாய் எந்த வீட்டோடு நின்றது, அதற்கடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த சாதாரணக் குடிமக்களான நடுவர் குழுவினர் தங்கள் கண்ணாலேயே கண்டனர். 2008 ஜூலையில் 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்க அக்குழு தீர்ப்பளித்தது. வழக்கை வரைபடம் மட்டுமே வென்று கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் சுமந்தவர்களின் சாட்சியமும் இருந்தது. ஆனால் "எல்லாருக்கும்தான் இல்லை" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் செய்தது அந்த ஒரு தாள்.

மதுரை வாசகர்: ஃபிளின்ட்டில் மருத்துவரும் அரசும் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத்தானே ஆராய்ந்தனர்? ஒருவர் ஆபத்து என்றும் மற்றவர் ஒன்றுமில்லை என்றும் சொன்னது எப்படி?

சென்ற முறை இதை ஒரே வரியில் கடந்துவிட்டேன். விரிவாகச் சொல்லவேண்டிய செய்தி இது.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம், 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட் அமைப்பிலிருந்து வாங்கிவந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியது. ஆற்று நீர் குழாயை அரிக்கும் இயல்புடையது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் அதில் சேர்க்கப்படாததால், பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குடிநீரில் கலந்தது. ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, 2015 செப்டம்பரில், நீர் மாறிய பிறகு குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்று அறிவித்தார். மாநில அதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை. அவர்களது கணக்கில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் தெரியவில்லை.

வேற்றுமைக்குக் காரணம் அஞ்சல் குறியீட்டு எண். அரசின் கணக்கு, 'ஃபிளின்ட்' என்ற முகவரியுடைய அஞ்சல் எண் பகுதிகளை ஃபிளின்ட் நகரமாகவே எடுத்துக்கொண்டது. அஞ்சல் எண் என்பது தபால்காரரின் வசதிக்காக 1963-இல் உருவாக்கப்பட்ட ஏற்பாடு. நகராட்சியின் எல்லையையோ குடிநீர்க் குழாயின் எல்லையையோ அது மதிப்பதில்லை. ஃபிளின்ட் அஞ்சல் எண் கொண்ட வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகருக்கு வெளியே, வேறு நீர் குடிக்கும் புறநகர்களில் இருந்தன. ஆற்று நீரைத் தொடாத அந்தக் குழந்தைகளின் நல்ல முடிவுகள், நகரக் குழந்தைகளின் முடிவுகளோடு கலந்து, உயர்வை நீர்க்கச் செய்துவிட்டன. பாலில் தண்ணீர் கலப்பதைப் போன்ற வேலை. இங்கே கலந்தவர் யாரும் தெரிந்து கலக்கவில்லை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவியியலாளர் ரிச்சர்டு சேட்லர், அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர். அவர் ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்து, நகருக்கு உள்ளே இருப்போரை வெளியே இருப்போரிடமிருந்து பிரித்தார். உள்ளே இருந்தோரை வார்டுவாரியாகவும் பிரித்துக் காட்டினார். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உடையோர், நீர் மாறுவதற்கு முன் நகரில் 2.4 சதவீதம், மாறிய பின் 4.9 சதவீதம். நீரில் ஈயம் மிகுந்திருந்த வார்டுகளில் மட்டும் பார்த்தால் 4.0 சதவீதம் 10.6 ஆகியிருந்தது. நகருக்கு வெளியே பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அந்த வார்டுகள் எவை என்று நான் சொல்லாமலே ஊகித்திருப்பீர்கள்: ஏழ்மை மிகுந்தவை. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது.

அரசின் கணக்கிலிருந்து சேட்லரின் கணக்குக்கு வரும்போது குழந்தைகளின் இரத்தம் மாறவில்லை, ஆய்வகத்தின் கருவியும் மாறவில்லை. யார் யாரை ஒரே கூட்டத்தில் சேர்த்து எண்ணுவது என்ற ஒரு முடிவுதான் மாறியது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை என்று வைத்துக்கொள்ளலாம்.

சேலம் வாசகர்: இந்த முறைக்கெல்லாம் முன்னோடி, காலரா வரைபடம் வரைந்த ஜான் ஸ்னோ என்று என் மகனின் பாடநூலில் இருக்கிறது. ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிய மரணங்களை வரைந்தே நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தாராமே?

பாடநூல்கள் அந்தக் கதையைக் கொஞ்சம் சுருக்கிவிடுகின்றன. 1854-இல் லண்டன் பிராடு வீதிப் பம்பைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களை ஸ்னோ வரைந்தது உண்மை. ஆனால் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது செப்டம்பர் 8-இல், வரைபடம் அதற்குப் பின்னால் வந்தது. கொள்ளைநோயின் வேகமும் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே ஆண்டில் அவர் தென் லண்டனில் செய்த, அதிகம் பேசப்படாத வேலை. அங்கே சில வட்டாரங்களில் இரண்டு தனியார் நீர் நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சதர்க்–வாக்ஸ்ஹால் நிறுவனம் நகரத்துச் சாக்கடை கலந்த பகுதியிலிருந்தே எடுத்துவந்தது. அடுத்தடுத்த வீடுகள் வேறு வேறு நீரைக் குடித்தன. வட்டாரத்துக்கு ஒரு நிறம் பூசும் எந்த வரைபடத்திலும் இந்த வேற்றுமை தெரிந்திருக்காது. ஸ்னோ வீடு வீடாகப் போய் எந்த நிறுவனத்தின் நீர் என்று விசாரித்தார். வீட்டாருக்கே தெரியாத இடங்களில், நீரின் உப்புத்தன்மையை வேதியியல் முறையில் சோதித்து நிறுவனத்தைக் கண்டுகொண்டார். பத்தாயிரம் வீடுகளுக்கு சதர்க்–வாக்ஸ்ஹால் நீரில் 315 மரணங்கள், லாம்பெத் நீரில் 37. உங்கள் மகனிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: அமெரிக்க நகரங்களில் 'சிவப்புக் கோடு' போடப்பட்ட பகுதிகள் இன்றும் வெயிலில் தகிக்கின்றன என்று படித்தேன். தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய கடன் வரைபடத்துக்கும் இன்றைய வெப்பத்துக்கும் என்ன தொடர்பு?

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933-இல், வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு உதவ அமெரிக்க அரசு வீட்டு உடைமையாளர் கடன் கழகம் என்ற அமைப்பைத் தொடங்கியது. அக்கழகம் 1930-களின் பிற்பாதியில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் பகுதிகளை, அங்கே கடன் கொடுப்பதிலுள்ள ஆபத்தைக் கொண்டு, தரம் பிரித்து வரைபடமாக்கியது. சிறந்தவை பச்சை, அடுத்தவை நீலம், சரிந்துவருபவை மஞ்சள், ஆபத்தானவை சிவப்பு. இச்சிவப்புப் பகுதிகளே நீங்கள் படித்த 'சிவப்புக் கோடு' பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் நிரப்பப்பட்ட படிவத்தில் கறுப்பினத்தவர் உண்டா இல்லையா, உண்டெனில் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டமும், எவரது 'ஊடுருவல்' நிகழ்கிறது என்று மற்றொரு கட்டமும் அச்சிடப்பட்டிருந்தன. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் விழுந்தன. இந்தத் தாள்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தினர் எண்மமாக்கி இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கின்றனர்.

அந்தப் பழைய எல்லைகளின்மேல் செயற்கைக்கோள் தரும் தரைவெப்ப அளவுகளைப் பொருத்திய ஆய்வு ஒன்று 2020-இல் வெளியாயிற்று. ஹாஃப்மன், சாண்டாஸ், பெண்டில்டன் ஆகியோர் ஆராய்ந்த 108 நகர்ப்பகுதிகளில் 94 சதவீதத்தில், சிவப்புப் பகுதிகள் பச்சைப் பகுதிகளைவிட வெப்பமாக இருந்தன. நாட்டளவில் சராசரி வேற்றுமை 2.6 செல்சியஸ், சில நகரங்களில் ஏறத்தாழ 7 வரை. காரணம் புதிரானது அல்ல. கடனும் முதலீடும் போகாத இடத்தில் மரம் குறைவு, பூங்கா குறைவு. நிலம் மலிவாகக் கிடைத்ததால் நெடுஞ்சாலையும் கிடங்கும் பெரிய கட்டடத் தொகுதிகளும் அங்கே வந்தன. தாரும் சிமென்ட்டும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன.

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் அளப்பது தரையின் சூட்டை. நாம் மூச்சிழுக்கும் காற்றின் சூடு அதே அளவுக்கு வேறுபடும் என்று கொள்ளக் கூடாது. இரண்டாவது, அந்த வரைபடம்தான் எல்லாத் தீமைக்கும் மூலம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடங்கள் முடிவதற்கு முன்பே கொடுத்து முடித்திருந்தது. கறுப்பினப் பகுதிகளுக்குக் கடன் காப்புறுதியை மறுத்ததில் பெரும்பங்கு, 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்துக்கு உண்டு. அது தனக்கென வேறு வரைபடங்களை வைத்திருந்தது. ஆகவே, நமக்குக் கிடைத்திருக்கும் சிவப்பு வரைபடத்தை, ஏற்கெனவே நிலவிய பாகுபாட்டை அரசே கைப்பட எழுதிவைத்த வாக்குமூலமாகப் படிப்பதே பொருத்தம். வெப்பத்துக்கு அது சாட்சி. குற்றவாளிகள் பலர்.

கோயம்புத்தூர் வாசகர்: குப்பைக் கிடங்குகளும் நச்சுக்கழிவு ஆலைகளும் ஏழைகள் இருக்கும் இடத்துக்குப் போவது நிலம் மலிவு என்பதால்தானே? அதில் இனத்தைக் கொண்டுவருவது மிகையாகாதா?

மிகையா இல்லையா என்பதை முடிவுசெய்யவே இந்த ஆய்வுகள் தொடங்கின. 1979-இல் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்டு, ஒரு வழக்குக்காகத் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஹியூஸ்டன் நகரின் குப்பைக் கிடங்குகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். நகராட்சிக்குச் சொந்தமான கிடங்குகள் ஐந்தும், குப்பை எரிக்கும் நிலையங்கள் எட்டில் ஆறும் கறுப்பினத்தவர் பகுதிகளில் இருந்தன. நகர மக்களில் அவர்கள் கால் பங்குதான். வழக்கு தோற்றது. பிறகு, 1982-இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் நச்சு மண்ணைக் கொட்ட எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானதைத் தொடர்ந்து, ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுமைக்கும் இதை ஆராய்ந்து 1987-இல் அறிக்கை வெளியிட்டது. வணிகமுறை நச்சுக்கழிவு ஆலைகள் எங்கே அமைந்தன என்பதோடு மிக நெருங்கிப் பொருந்திய காரணி, வருமானத்தையும் வீட்டு மதிப்பையும்விட, இனமே என்று அது கண்டது.

இனித்தான் உங்கள் ஐயத்துக்கு உரிய பகுதி வருகிறது. அந்த அறிக்கை அஞ்சல் எண் பகுதிகளை அலகாகக் கொண்டது. 1994-இல் ஆண்டர்டன் முதலான ஆய்வாளர்கள், அதைவிடச் சிறிய கணக்கெடுப்பு வட்டாரங்களை அலகாகக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, இனத்துக்கும் ஆலைக்கும் நிலையான தொடர்பு தெரியவில்லை என்றனர். சிறிய அலகே துல்லியமானது என்று ஃபிளின்ட் கதையிலிருந்து கற்றவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நானும் முதலில் இதைப் படித்தபோது குழம்பினேன்.

விடை கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஆலைகள் பெரும்பாலும் வட்டாரத்தின் நடுவில் இருப்பதில்லை. எல்லையாக அமைந்த சாலை, இருப்புப்பாதை, ஆறு இவற்றை ஒட்டியே இருக்கின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் உள்ள வட்டாரம் 'ஆலை உள்ள இடம்' என்றும், அதே சாலையின் எதிர்ப்புறத்தில், புகை முகத்தில் அடிக்கும் தொலைவில் வாழ்பவர்கள் 'ஆலை இல்லாத இடத்தவர்' என்றும் எண்ணப்பட்டனர். பால் மொஹாய், ராபின் சாஹா என்ற இருவர் 2006-இலும் 2007-இலும், வட்டார எல்லையை ஒதுக்கிவிட்டு, ஆலையைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் வாழ்வோரை எண்ணினர். மூன்று கிலோமீட்டருக்குள் வாழ்வோரில் வெள்ளையர் அல்லாதோர் 56 சதவீதம். அதற்கு வெளியே 30 சதவீதம். வருமானத்தைக் கணக்கில் கொண்ட பின்னும் இனத்தின் பங்கு நீங்கவில்லை. ஆகவே பெரிய அலகா, சிறிய அலகா என்பது கேள்வியே அல்ல. தீங்கு எப்படிப் பரவுகிறதோ அதன் வடிவத்தில் கோடு விழவேண்டும்: குழாய் நீருக்குக் குழாயின் எல்லை, புகைக்குத் தொலைவு.

மலிவான நிலம் என்ற உங்கள் வாதம் இதனால் முழுவதும் விழுந்துவிடாது. ஆலை முதலில் வந்ததா, ஏழைகள் பிறகு குடியேறினரா என்ற தகராறு தனியாக நீண்டகாலம் நடந்திருக்கிறது. ஒரே ஆண்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதைத் தீர்க்க முடியாது. பல கணக்கெடுப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும்.

புதுச்சேரி வாசகர்: வரைபடத்தின் வண்ணங்களைக்கொண்டே வாசகரை ஏமாற்ற முடியுமா?

தாராளமாக. எண்ணிக்கையை வண்ணமாக்கினால் மக்கள் அதிகமுள்ள இடம் எப்போதும் அடர்ந்தே தெரியும். விகிதத்தைத்தான் வண்ணமாக்க வேண்டும். எந்த எண்ணில் ஒரு வண்ணம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை நகர்த்தியே ஒரு மாவட்டத்தைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆகவே, படத்தைப் பார்க்கும் முன் மூலையிலுள்ள வண்ண விளக்கத்தைப் படியுங்கள். சார்லஸ் பூத் 1889-இல் லண்டன் தெருக்களின் வறுமையை வரைந்தபோது, செல்வருக்கு மஞ்சளும் கடைநிலை ஏழைகளுக்குக் கறுப்பும் கொடுத்து, அக்கறுப்புக்கு 'தீயொழுக்கத்தார், அரைக் குற்றவாளிகள்' என்ற பொருளில் விளக்கமும் எழுதினார். அரும்பாடுபட்டுத் தெருத்தெருவாகச் சேகரித்த தரவு. அதற்கு இப்படியொரு வண்ணம்.

திருச்சி வாசகர்: இத்தகைய வரைபடங்களால் மக்களுக்குப் பணமோ வசதியோ வந்து சேர்ந்ததுண்டா?

கலிபோர்னியாவைச் சொல்லலாம். கரிமப் புகைக்கு உரிமம் விற்று வரும் பணத்தில் 25 சதவீதம் பின்தங்கிய சமூகங்களுக்குப் பயன்படவேண்டும் என்று 2012-இல் அங்கே சட்டம் இயற்றினர். எவை பின்தங்கியவை என்பதை, காற்று மாசு, குடிநீர், நச்சுக்கழிவு, ஆஸ்துமா, வறுமை, வேலையின்மை முதலானவற்றைச் சேர்த்து மதிப்பெண் இடும் கேல்என்விரோஸ்கிரீன் என்ற வரைபடம் முடிவுசெய்கிறது. பொதுவாக, மேலிருந்து கால் பங்கு இடங்கள் தகுதி பெறுகின்றன. 2013-இல் முதற்பதிப்பு அஞ்சல் எண்ணை அலகாகக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே கணக்கெடுப்பு வட்டாரத்துக்கு மாறியது என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண்ணில் இனம் சேர்க்கப்படுவதில்லை. இருந்தும், மிகுந்த மதிப்பெண் பெறும் இடங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பினத்தவருமே அளவுக்கு மிஞ்சி இருக்கின்றனர். எல்லைக்கோட்டுக்கு ஒரு படி கீழே நிற்கும் வட்டாரத்துக்கு இந்த ஒதுக்கீட்டில் பங்கு கிடைக்காது என்பது இதன் குறை.

இத்தகைய ஏற்பாடு எவ்வளவு எளிதில் கலையும் என்பதையும் பார்த்துவிட்டோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 முதல் நாடு முழுமைக்கும் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருந்த ஈஜேஸ்கிரீன் என்ற வரைபடத்தை 2025 பிப்ரவரியில் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. முன்னெச்சரிக்கையாகப் படியெடுத்து வைத்திருந்த ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அதை வேறிடத்தில் மீண்டும் ஏற்றினர்.

விழுப்புரம் மாவட்ட வாசகர்: இதெல்லாம் அமெரிக்கக் கதை. எங்கள் ஊராட்சியில் குடிநீர், பள்ளி, துணைச் சுகாதார நிலையம் எல்லாம் 'உண்டு' என்றே பதிவாகியிருக்கிறது. காலனிக்கு மட்டும் ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை. நம் நாட்டில் இதை யாராவது வரைந்திருக்கிறார்களா?

ஃபிளின்ட்டின் அஞ்சல் எண் செய்த வேலையை உங்கள் ஊரில் 'கிராமம்' என்ற அலகு செய்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பதிவேடு, ஒரு வசதி அந்தக் கிராமத்தில் உண்டா இல்லையா என்று கேட்கும்; கிராமத்தின் எந்த முனையில் என்று கேட்காது. ஊர்த்தெருவில் மேல்நிலைத் தொட்டி இருந்தால் காலனிக்கும் சேர்த்தே 'உண்டு' எழுதப்பட்டுவிடும். ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் ஒரு நாட்டில், இரண்டையும் ஒரே எண்ணாக எழுதும் எந்தக் கணக்கும், தான் காட்டவேண்டிய வேற்றுமையைத் தன் வரையறையாலேயே அழித்துவிடுகிறது. ஊரகக் குடிநீர்த் திட்டங்கள் கிராமத்துக்குக் கீழே குக்கிராமத்தைக் கணக்கில் கொள்வது இதற்கு ஓரளவு மாற்று.

பெரிய அளவில் செய்யப்பட்ட ஆய்வும் ஒன்று இருக்கிறது. அஞ்சலி அடுகியா, சாம் ஆஷர், பால் நோவோசாட் முதலானோர், இந்தியா முழுவதிலும் 15 லட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளின் தரவுகளைச் சேர்த்து, பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் பகுதிகளுக்குப் பள்ளி, மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், வடிகால் ஆகியவை எந்த அளவு சென்று சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தனர். நகரங்களுக்குள் இவை அப்பகுதிகளுக்கு முறையாகக் குறைந்தே கிடைக்கின்றன. வேற்றுமை ஏறக்குறைய முழுவதும் ஒரே நகரத்துக்குள், ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே நிகழ்கிறது என்பதே அவர்களது முக்கிய முடிவு. மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடும் அறிக்கைகளில் இது தெரிய வழியே இல்லை. நிதி தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கு நேர்மையாக வந்துவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரில் வளைந்துபோகிறது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கும் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்பட இருக்கின்றன. எண்ணுவதைவிட, எந்த அலகில் வெளியிடுகிறார்கள் என்பதே உங்களுக்கும் எனக்கும் முக்கியம். மாவட்ட அளவில் மட்டும் வெளியானால் உங்கள் காலனி மறுபடியும் சராசரிக்குள் போய்விடும். அதே நேரத்தில், வீடு வீடாகச் சாதியைக் குறித்த வரைபடம் பொதுவெளிக்கு வருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கலவர நாளில் அது யார் கையில் இருக்கும் என்று யோசித்தாலே போதும். கோல் ரன் வரைபடம் வீட்டளவில் இருந்தது உண்மைதான். அங்கே அந்த வீட்டுக்காரர்களே வழக்காளிகள், படம் சென்றது நீதிமன்றத்துக்கு.

தருமபுரி, பள்ளி ஆசிரியை: என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக்கொண்டு எங்கள் ஊரில் சிறிய அளவில் இதைச் செய்ய விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

தெருக்குழாயிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைப் பதிவுசெய்து ஒவ்வொரு குழாயையும் குறிக்கலாம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும், வரைபடம் வரைய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் விலையில்லாமல் கிடைக்கின்றன. கணினி இல்லையென்றால் சார்ட் தாளில் ஊர்ப்படம் வரைந்து பொட்டு ஒட்டினாலும் வேலை நடக்கும். குடியிருப்போரின் சாதியையோ பெயரையோ மாணவர்கள் எழுத வேண்டாம். தெருவின் பெயர் போதும், மற்றது ஊராருக்குத் தெரியும். வேலை செய்யாத குழாயையும் குறிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். குழாயடியில் நிற்பவர்களிடம் "தண்ணீர் வருகிறதா" என்று கேட்டால் எல்லாத் தெருவிலும் "வருகிறது" என்றே பதில் கிடைக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை குடம் பிடிக்கும்வரை என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.